நாலு ஒன்பது தூள் அரைப்பது எப்படி?

மேல்மலையனூரில் தொழில் தொடங்க யார் யோசனை சொன்னாலும் அது அமாவாசையில் வந்துதான் முடியும். எலுமிச்சை மாலை கட்டலாம், குங்குமம் பொட்டலம் போடலாம், வேன் நிறுத்த இடம் விடலாம், குளிக்க வெந்நீர் விற்கலாம். ஒரு ராத்திரி அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டத்தை வைத்து மாதம் முழுக்க ஓட்டுவதும் ஒரு பிழைப்பா என்று கேட்கும் லட்சியவாதிகளுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். 99.99 சதவீதம் சுத்தமான அலுமினாத் தூளை, அதாவது அலுமினிய ஆக்சைடை, உங்கள் தெரு மாவு மில்லில் அரைக்க என்னவெல்லாம் வேண்டும் என்று முடிப்பதற்குள் தெரிந்துவிடும். அரைக்க வருமா என்பதற்கு வழிகாட்டி பொறுப்பல்ல.

99.99 என்பதில் ஒன்பது நாலு முறை வருவதால் இதற்கு நாலு ஒன்பது என்று பெயர். கணக்கு எளிது. ஒரு கிலோ தூளில் அலுமினா அல்லாத சரக்கு எல்லாம் சேர்த்து 100 மில்லிகிராம்வரை இருக்கலாம். இரும்பு, சோடியம், சிலிக்கான், கால்சியம், உங்கள் மச்சானின் தலைமுடி, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஐந்து ஒன்பது கேட்கும் கம்பெனிகளும் உண்டு. அவர்களிடம் 10 மில்லிகிராம்தான் சலுகை. இந்த 100 மில்லிகிராமைக் கைச்செலவுக்குக் கொடுத்த காசாக நினைத்து முடிச்சில் கட்டிக்கொள்ளுங்கள். வழிநெடுக ஒவ்வொருவரும் அதில் கை வைப்பார்கள்.

இவ்வளவு சுத்தம் யாருக்கு வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள். தெருவிளக்கைக் காட்டுங்கள். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ராபர்ட் கோபிள் என்பவர், மிகச் சுத்தமான, மிக நைசான அலுமினாத் தூளில் துளியூண்டு மக்னீசியா கலந்து சுட்டார். பீங்கானுக்குள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழிகள் எல்லாம் வெளியேறி, வெளிச்சம் ஊடுருவுகிற பீங்கான் கிடைத்தது. நம் சாலைகளில் வெகுகாலம் மஞ்சளாக எரிந்த சோடியம் விளக்குக்குள் இருந்த சின்னக் குழாய் அதுதான். இப்போது அவற்றைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டுகிறார்கள். பெரும்பாலான எல்இடி சில்லுகளை நீலக்கல் தட்டின் மேல்தான் வளர்க்கிறார்கள். அந்த நீலக்கல்லும் அலுமினாதான், ஒரே படிகமாக வளர்த்தது. ஆக, பஞ்சாயத்துக்காரர் கம்பத்தில் ஏறி எதைக் கழற்றி எதை மாட்டினாலும் அங்கே உங்கள் வாடிக்கையாளர் இருக்கிறார். இது போதாதென்றால் பிரான்சின் பியர் பூட்டான் 1970இல் அலுமினாப் பந்து வைத்து இடுப்பு மூட்டு மாற்றியதைச் சொல்லுங்கள். மாமியார் உடனே சம்மதிப்பார்.

மூலப்பொருளுக்கு வெகுதூரம் அலைய வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றும். மேட்டூரில் ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து அலுமினா எடுத்த காலம் உண்டு. உலகம் முழுக்கப் பெரும்பாலான சரக்கு அப்படித்தான் வருகிறது. ஆனால் சோடாவில் குளித்து வந்த அலுமினாவில் சோடியம் ஒட்டியிருக்கும். ஆயிரத்தில் ஓரிரண்டு பங்காவது இருக்கும். உங்கள் முடிச்சில் இருப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கடை திறக்கும் முன்பே கடன்.

அதனால் படிகாரத்துக்கு வாருங்கள். கடை வாசலில் கறுப்புக் கயிற்றில் திருஷ்டிக்குத் தொங்குகிறதே, அதேதான். ஆனால் அதே அல்ல. கடைகளில் தொங்குவது பெரும்பாலும் பொட்டாசியப் படிகாரம். உங்களுக்கு வேண்டியது அம்மோனியப் படிகாரம். பிரெஞ்சுக்காரர் வெர்னூய் 1902இல் உலகுக்கு அறிவித்த செயற்கை மாணிக்கத்துக்கு இதைச் சுட்டெடுத்த தூள்தான் தீனி. தண்ணீரில் கரைத்துப் படிகமாக்கி, மறுபடி கரைத்து மறுபடி படிகமாக்கினால் அழுக்கு கரைசலிலேயே தங்கிவிடும். பிறகு ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால் தண்ணீரும் அம்மோனியாவும் கந்தக வாயுவும் போய் அலுமினா மட்டும் மிஞ்சும். ஒன்பது கிலோ படிகாரத்துக்கு ஒரு கிலோ தேறும். மீதி எட்டு கிலோ புகைபோக்கி வழியாக வளத்திப் பக்கம் போகும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று வாசலில் தொங்குவதைக் கழற்றிச் சுடாதீர்கள். பொட்டாசியம் போகாது. ஊர்த் திருஷ்டி போகுமா என்று சோதித்தவர் யாருமில்லை.

சுட்டெடுத்த தூள் பார்வைக்கு மைதா மாவாக இருக்கும். கண் ஏமாற்றும். ஒவ்வொரு மணியும் நூற்றுக்கணக்கான நுண்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிய கட்டி. அவற்றைப் பிரித்து அரை மைக்ரானுக்குக் கொண்டுவர வேண்டும். தலைமுடியின் குறுக்களவு 50 முதல் 80 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் இத்தனை நைஸ்? துகள் சிறுத்தால் சூளையில் சீக்கிரம் ஒன்றோடொன்று இறுகும், இடைவெளி விடாது, பீங்கான் வலுவாக இருக்கும். இன்னொரு விளைவும் உண்டு. அதை எந்தச் சிறுதொழில் வழிகாட்டியும் சொல்லாது. ஒரு கிலோ அலுமினாவை ஒரே கட்டியாக வைத்தால் அதன் மேற்பரப்பு சுமார் 240 சதுர சென்டிமீட்டர். ஒரு நோட்டுப் புத்தக அட்டை அளவு. அதையே அரை மைக்ரான் உருண்டைகளாக அரைத்தால் மேற்பரப்பு 3,000 சதுர மீட்டர். அதாவது 74 சென்ட். ஒரு டப்பாவுக்குள் முக்கால் ஏக்கர் நிலம், பட்டாதான் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் அந்த 74 சென்டிலும் வந்து உட்காரும் தூசி, ஈரம், வியர்வை. நைஸாக அரைப்பது ஒரு வேலை என்றும் சுத்தமாக வைப்பது இன்னொரு வேலை என்றும் நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். முதல் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்களோ, அவ்வளவு இரண்டாவது வேலை கெடும்.

சரி, மில்லுக்குப் போவோம்.

"இன்னாபா இது, சுண்ணாம்பா?"

"அலுமினாண்ணே."

"மொளகாய்க்கு முன்னாடியா, பின்னாடியா?"

சிரிக்காதீர்கள். உலகின் எந்தப் பீங்கான் ஆய்வகத்திலும் அரைவைக்கு முன் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். இதற்கு முன் இதில் என்ன போட்டீர்கள்? மிளகாய்க்குப் பின் பச்சரிசி போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவருக்கு மாசு பற்றி வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி அரிசியை முதலில் விட்டு மில்லைக் கழுவி அந்த மாவைத் தள்ளிவைக்கிறாரே, ஆய்வகத்திலும் அதையே செய்கிறார்கள். அரிசிக்குப் பதில், அரைக்கப்போகும் அதே தூளில் கொஞ்சம் போட்டு ஓட்டிக் கொட்டிவிடுவார்கள். ஆகவே மில்காரரிடம் பணிவாக இருங்கள். இந்தத் தொழிலில் நீங்கள் சந்திக்கப்போகிறவர்களில் விஷயம் தெரிந்த முதல் ஆள் அவர்.

ஆனால் அவருடைய மில்லில் இது ஓடாது. வார்ப்பிரும்புப் பிளேட் மில்லில் அலுமினாவைக் கொட்டினால் எது எதை அரைக்கும் என்பதைக் கடினத்தன்மை அட்டவணை சொல்லும். மோஸ் அளவுகோலில் வைரம் 10, அலுமினா 9. இரும்பு அதற்கு வெகு கீழே. ஒரு மணி நேரத்தில் உங்களிடம் சாம்பல் நிறத் தூள் இருக்கும், அவரிடம் வழவழப்பான பிளேட் இருக்கும், தெருவில் கூட்டம் இருக்கும். கல் மில் பரவாயில்லை என்று ஒருவர் குறுக்கே வருவார். அந்தக் கல்லில் இருப்பது எமரி. எமரியில் அலுமினாவும் இருக்கிறது, காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தாதுவும் இருக்கிறது. பாதிச் சுத்தம் என்று ஒன்று இந்தக் கணக்கில் கிடையாது. புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்? கருங்கல்லின் குவார்ட்ஸ் 7, ஃபெல்ஸ்பார் 6. இட்லிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மியைப் பற்றிப் பேச வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது பால் மில். பால் ஊற்றும் மில் அல்ல, பந்துகள் உருளும் மில் என்பதைக் கொட்டேஷன் கேட்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். படுக்க வைத்த உருளை, அதில் பாதிக்கு உருண்டைகள், இடையில் தூளும் தண்ணீரும். உருளை சுற்றும்போது உருண்டைகள் சுவரோடு ஏறி மேலிருந்து சரிந்து விழ வேண்டும்; விழும் அடியிலும் உரசலிலும்தான் அரைபடுகிறது. வேகமாகச் சுற்றினால் சீக்கிரம் அரையும் என்று நினைத்து பெல்ட்டை மாற்றாதீர்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு சுமார் 42 சுற்றைத் தாண்டினால் உருண்டைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும். ஒன்றும் விழாது, ஒன்றும் அரையாது, மீட்டர் மட்டும் ஓடும். அதில் எழுபது சதவீதம், அதாவது 30 சுற்று, போதும். காது வைத்துக் கேளுங்கள். கடகடவென்று வெறும் உருண்டைச் சத்தம் வந்தால் சரக்கு குறைவு. மந்தமாக முனகினால் அதிகம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் விருத்தாசலத்துக்கு பஸ் ஏறுங்கள். நெய்வேலிக் களிமண் பக்கத்தில் கிடைப்பதால் அங்கே பீங்கான் தொழிற்பேட்டையே இருக்கிறது. பொம்மை, அகல்விளக்கு, மின்கம்பத்துக் குப்பி எல்லாம் செய்த ஊர். பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ சொல்லித்தரும் அரசு நிறுவனமும் அங்கே உண்டு. டிகிரிதான் வேண்டும் என்றால் சென்னை கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. நாலு ஒன்பது என்று நீங்கள் சொன்னதும் அவர்கள் முகத்தில் வரும் சிரிப்பைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உருண்டை எதில் செய்தது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. பத்து கிலோ உருண்டை போட்டு ஒரு கிலோ தூள் அரைக்கிறீர்கள். உருண்டையில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேய்ந்தது என்று வையுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அது 10 கிராம். போய்ச் சேர்ந்த இடம் உங்கள் தூள். முடிச்சில் இருந்தது 100 மில்லிகிராம். ஒரே அரைவையில் நூறு மடங்கு கடன். நாலு ஒன்பதில் நிற்க வேண்டுமானால் உருண்டை லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் தேயக் கூடாது, அதுவும் வேறு யாரும் ஒன்றும் சேர்க்காதபோது. எஃகு உருண்டை கனமானது, வேகமாக அரைக்கும், இரும்பைக் கொட்டும். அந்த இரும்பை அமிலத்தில் கழுவி எடுக்கலாம், அமிலம் விட்டுவிட்டுப் போவதை எதில் கழுவுவது? அலுமினா உருண்டை போட்டால் தேய்ந்து விழுவதும் அலுமினா என்பதால் மனசுக்கு நிம்மதி. ஆனால் கடையில் விற்கும் சாதா அலுமினா உருண்டையில் நூற்றுக்கு எட்டு பங்கு வேறு சரக்கு இருக்கும். மிக உயர்ந்த தூய்மையில் உருண்டை வேண்டுமென்றால் அதைச் செய்ய உயர்தூயத் தூள் வேண்டும். அதைத் தயாரிக்கத்தானே இந்த வழிகாட்டியைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்தச் சங்கடத்தில் ஆய்வகங்கள் பெரும்பாலும் போய் நிற்பது ஜிர்கோனியாவிடம். அலுமினாவைவிட ஒன்றரை மடங்கு கனம், அடி பலமாக விழும், தேய்மானம் குறைவு. 1975இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் இதைப் பீங்கான் எஃகு என்று அழைக்கலாமா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். விரிசல் ஓட ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே படிகம் வடிவம் மாறிப் பருத்து விரிசலை நெரித்துவிடும். அதனால்தான் பல் டாக்டர் உங்களுக்கு மாட்டிவிட்ட ஜிர்கோனியா தொப்பி முறுக்கைத் தாங்குகிறது. இந்தச் சரக்குக்கு தமிழ்நாட்டில் ஊரும் பேரும் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் ஜிர்கோனியாவின் தாதுவான சிர்கான் இருக்கிறது; பொதுத்துறை நிறுவனம் பிரித்தெடுக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணுசக்தித் துறையின் சிர்கோனியம் ஆலை இருக்கிறது. சிர்கானோடு கூடவே பிறந்தது ஹாஃப்னியம், ஓரிரு சதவீதம். அணு உலைக்குப் போகும் சிர்கோனியத்தில் ஹாஃப்னியம் இருந்தால் அது நியூட்ரானை விழுங்கிவிடும். எனவே பாடுபட்டுப் பிரிக்கிறார்கள். பல்லுக்குப் போவதில் ஹாஃப்னியம் இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. பல் நியூட்ரானை எண்ணுவதில்லை.

இதை நினைவில் வைத்திருந்து வாங்குபவரிடம் எதற்குச் சுத்தம் என்று கேளுங்கள். வெறும் சுத்தம் என்று ஒரு சரக்கு எங்கும் இல்லை. 1970களின் கடைசியில் கம்ப்யூட்டர் நினைவகச் சில்லுகள் காரணமில்லாமல் பூஜ்யத்தை ஒன்றாக்கிக்கொண்டிருந்தன. சில்லைச் சுற்றியிருந்த உறைப் பொருளில் மிகமிகச் சிறிதாகக் கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் விட்ட ஆல்ஃபா துகள்கள்தான் காரணம் என்று இன்டெல்காரர்கள் இருவர் 1979இல் எழுதினார்கள். அந்த உறைக்கு நாலு ஒன்பது அலுமினா கொடுத்திருந்தால்கூட, மிச்சமிருந்த அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்கில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் கேள்வியாக இருந்திருக்கும்.

தண்ணீர். போர் தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம். குளியலறைக் குழாயில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதே, அது பேசும். கேன் தண்ணீர் வாங்கினால்? லிட்டருக்கு 100 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கும் தண்ணீரை நாம் நல்ல தண்ணீர் என்றுதான் குடிக்கிறோம். ஒரு கிலோ தூளுக்கு ஒரு லிட்டர் ஊற்றி அரைத்து, அப்படியே காயவைத்தால் தண்ணீர் போகும், 100 மில்லிகிராம் தங்கும். முடிச்சு காலி. உருண்டை தேயவில்லை, தூசி விழவில்லை, ஒரு தப்பும் செய்யவில்லை. கேன் தண்ணீர் ஊற்றினீர்கள், அவ்வளவுதான். அயனி நீக்கிய தண்ணீர் வேண்டும். அதற்கு ஒரு இயந்திரம், இயந்திரத்துக்கு ஒரு பில்டர், பில்டர் மாற்ற சென்னையிலிருந்து ஒரு ஆள்.

வியர்வை அடுத்தது. ஒரு சொட்டு வியர்வையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு மில்லிகிராம் சோடியம் இருக்கும். ஐந்து ஒன்பதுக்கு ஆசைப்பட்டவர்களின் மொத்தச் சலுகை 10 மில்லிகிராம். அதாவது கிலோவுக்கு 200 சொட்டு. அக்னி நட்சத்திரத்தில், கரண்ட் இல்லாத மதியத்தில், அது ஒரே ஆள் குனிந்து மூடியைத் திறக்கும் நேரம்.

கரண்ட் என்றதும் நினைவு வருகிறது. அரைவை இரண்டு மூன்று நாள் ஓட வேண்டும். 1867இலேயே ரிட்டிங்கர் என்பவர் சொல்லிவிட்டார்: புதிதாக உண்டாகும் மேற்பரப்பு எவ்வளவோ, அவ்வளவு சக்தி செலவாகும். உங்கள் 74 சென்டை அங்குலம் அங்குலமாகக் கரண்ட் கட்டித்தான் வாங்க வேண்டும். அதுவும் கொடுத்த சக்தியில் மிகச் சிறு பங்குதான் துகளை உடைக்கும். மீதியெல்லாம் சூடாகவும் சத்தமாகவும் அக்கம்பக்கத்தாருக்குப் போகிறது. நடுவில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால், கூழ் அடியில் உட்கார்ந்து இறுகிவிடும். மாலை கரண்ட் வந்ததும் உருளை சுற்றும், உள்ளே ஒன்றும் சுற்றாது.

இன்னொரு வினோதம். ஒரு அளவுக்கு மேல் அரைத்துக்கொண்டே போனால் தூள் நைஸாவதை நிறுத்திவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். சின்னத் துகள்கள் நெருங்கினால் பிரிவதில்லை. அவற்றைப் பிரித்து நிறுத்த வேண்டுமானால் எல்லாத் துகளுக்கும் ஒரே மின்னேற்றம் கொடுத்து ஒன்றையொன்று தள்ளவைக்க வேண்டும். அலுமினாவுக்கு பிஹெச் 9 பக்கத்தில் மின்னேற்றம் ஏறக்குறைய பூஜ்யம், கூழ் கட்டியாகும். 4க்கு இறக்கினால் தயிர் மோராவது கண்முன்னே நடக்கும். அதற்கு நைட்ரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சுடும்போது மிச்சமில்லாமல் போய்விடும். புளித்தண்ணீர் விடலாமா என்று கேட்பவருக்கு: புளிப்பு இருக்கிறது, ஆனால் பொட்டாசியமும் இருக்கிறது. ரசத்துக்குப் போதும்.

காயவைப்பது பற்றிச் சுருக்கமாக. மொட்டை மாடியில் வேண்டாம். செஞ்சிப் பக்கத்துக் காற்று செம்மண்ணோடுதான் வரும். செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடு. அடுப்பில் வேண்டாம், கட்டியாகும், கட்டியை மறுபடி அரைக்க வேண்டும், மேலே ஏழெட்டுப் பத்தி திரும்பிப் போக வேண்டும். சூடான காற்றில் கூழைப் பூந்தூறலாகத் தெளித்து உலர்த்தும் கோபுரம் ஒன்று இருக்கிறது. அதன் விலை கேட்டபின் மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. தொழில் கடன் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு உச்சவரம்பு 50 லட்சம் என்பது நினைவுக்கு வரும். விழுப்புரம் மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பம் வாங்கும்போது 'மாவு அரைவை' என்ற பிரிவில் போட்டுவிடப் போகிறார்கள், கவனம்.

இந்த இடத்தில் ஒருவர் வருவார். அலுமினா எதற்கு வம்பு, வெள்ளைக்கல் நிறையக் கிடக்கிறது, அரைத்தால் கோலமாவாவது போகும், கை பழகும் என்பார். வெள்ளைக்கல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அதை உலர அரைக்கும்போது எழும் தூசியைச் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழும், சிலிகோசிஸ். அதற்கு மருந்து கிடையாது. குஜராத்தின் கோத்ரா வட்டாரத்துக் குவார்ட்ஸ் அரைவை ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து கூலிக்குப் போன பழங்குடி மக்கள் இப்படித்தான் செத்தார்கள், பலர் இளைஞர்கள். இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு தரச்சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஈரமாக அரைக்க வேண்டும், தூசியை உறிஞ்ச வேண்டும், சரியான முகமூடி போட வேண்டும். முகத்தில் துண்டு கட்டுவது முகமூடி அல்ல. வழிகாட்டியில் வேடிக்கை இல்லாத பத்தி இது ஒன்றுதான்.

எல்லாம் சேர்ந்து கடைசியில் சுத்த அறை கட்ட வைக்கும். சர்வதேச ஐஎஸ்ஓ தர வரிசையில் ஐந்தாம் வகுப்பு அறை என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலுமான துகள்கள் 3,520ஐத் தாண்டக் கூடாது. உங்கள் சரக்கும் அரை மைக்ரான்தான். அந்த அறையில் நீங்கள் டப்பாவைத் திறந்தால் கருவி முதலில் எண்ணப்போவது அலுமினாவை. சுத்தத்துக்காகக் கட்டிய அறையில் சுத்தமான சரக்கே அழுக்காகிவிடும் தொழில் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

அறையை எந்த ஊரில் கட்டுகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். மாசி மாதம் மயானக் கொள்ளையன்று பிரம்மனின் கபாலத்துக்கு அம்மன் சோறு இறைத்ததை நினைத்து லட்சக்கணக்கான கைகள் தானியமும் காய்கறியும் சில்லறையும் வாரி இறைக்கும். குங்குமமும் மஞ்சளும் சாம்பலும் காற்றில் கலந்து ஒரே நிறமாக நிற்கும். புற்று மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வருபவரைக் கதவருகே நிறுத்தி, சட்டை மாற்றி, தலைக்கு உறை மாட்டி, காற்றால் ஊதி உள்ளே விட வேண்டும். மஞ்சளில் பொட்டாசியம், சாம்பலில் கால்சியம், புற்று மண்ணில் இரும்பும் சிலிக்காவும். ஊதிவிடலாம். திருநீறை ஊதியவரை அந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு யோசனை: அமாவாசைக்கு முந்தின நாள் மில்லை நிறுத்தி, எல்லோருக்கும் லீவு விட்டு, அமாவாசை ராத்திரி வாசலில் வேன் நிறுத்த இடம் விடுங்கள். அந்த மாதக் கரண்ட் பில்லுக்கு ஆகும்.

சோதனைக்கு அனுப்பும்போது இன்னொரு வேடிக்கை. எதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கப் பொருளை அமிலத்தில் கரைக்க வேண்டும். நன்றாகச் சுட்ட அலுமினா சாதாரண அமிலத்தில் கரையாது. அழுத்தக் குடுவையில் சூடேற்றிக் கரைக்கிறார்கள். குடுவையும் அமிலமும் உங்கள் தூளைவிடச் சுத்தமாக இருந்தால்தான் விடை உங்கள் தூளைப் பற்றியது. ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களில் கட்டணம் கட்டிக் கேட்கலாம். அறிக்கை வந்ததும் மொத்தச் சதவீதத்தைப் பார்த்துத் துள்ளாதீர்கள். சோடியம், இரும்பு, சிலிக்கான் தனித்தனி வரிகளில் நிற்கும். ஜிர்கோனியா உருண்டை போட்டிருந்தால் சிர்கோனியம் வரி முதலில் கண்ணில் படும்.

விற்பது. நாலு ஒன்பது என்று கிளம்பி மூன்று ஒன்பதில் வந்து நின்றால் உட்கார்ந்து அழ வேண்டாம். 99.5க்கு ஆள் உண்டு, 99க்கும் உண்டு. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளை உடம்பு 95 சதவீத அலுமினாவை ஒட்டியது. அனல் மின் நிலையத்தில் நிலக்கரித் தூள் ஓடும் குழாய் அரித்துப்போகாமல் உள்ளே பதிக்கும் ஓடு 92 சதவீதம் இருந்தால் போதும். ஓசூரில் முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் தொழிற்சாலை இந்த வகைத் தொழில்துறைப் பீங்கான்களைச் செய்கிறது. ஆனால் 92இல் மீதி எட்டு பங்கு சிலிக்காவும் கால்சியமும் மக்னீசியமும் கணக்குப் போட்டுச் சேர்ப்பது. உங்களுடையது மில் பிளேட்டும் கேன் தண்ணீரும் செம்மண்ணும் தானாகச் சேர்த்தது. வாங்குபவர் வித்தியாசத்தைக் கேட்பார். அதற்கும் கீழே இறங்கிவிட்டால் சாணைக்கல் செய்பவர்களை அணுகுங்கள். அவர்கள் தூய்மையைவிடக் கடினத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் உங்கள் தூள் அரை மைக்ரான் என்று தெரிந்ததும், இவ்வளவு நைஸாக எதற்கு அரைத்தாய், கரடுமுரடாக இருந்தால்தானே தீட்டலாம் என்று திட்டுவார்கள். முன்பணத்தை வாங்கிக்கொண்டு பிறகு டப்பாவைத் திறந்து காட்டுங்கள்.